ஒரு கிலோ பூட்டு

நான் டிப்ளமா வாங்காமல் போனதற்கு ஒரு பூட்டுதான் காரணம் என்று சொன்னால், "ஏம்ப்பா, காலேஜைப் பூட்டிட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். காலேஜ் திறந்துதான் இருந்தது. அடைத்துக்கொண்டது என் மண்டை மட்டும்தான். அதற்குச் சாவி செய்து தருகிற ஆசாரி திண்டுக்கல்லில்கூட இல்லை.

மூன்று வருடத்தில் முடிக்க வேண்டிய சிவில் டிப்ளமாவை நான் நாலரை வருடம் படித்தேன். அவசரப்படாமல் படித்தவன் என்று நான் சொல்லிக்கொள்வேன். அரியர் வைத்தவன் என்று அப்பா சுருக்கமாகச் சொல்லிவிடுவார். எழுத்துத் தேர்வுகளையெல்லாம் எப்படியோ தாண்டிவிட்டேன். கடைசியில் மிச்சம் நின்றது ஒரே ஒரு செய்முறைத் தேர்வு. அதிலும் ஒரே ஒரு சோதனை. பாரம் ஏற்றிய உத்திரத்தில் பெண்டிங் மொமெண்ட், அதாவது பாரம் அதை எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது.

அந்த ஒன்றை முடித்தால் வேலை தயாராக இருந்தது. திண்டுக்கல்லில் கட்டட காண்ட்ராக்ட் எடுக்கிற ஒருவர், அம்மா வழியில் சுற்றி வளைத்தால் எனக்கு மாமா முறை. "சர்டிபிகேட்டோட வா மாப்ள, சைட்ல சூப்பர்வைசரா போட்டுர்றேன். சர்டிபிகேட் இல்லாட்டி சிமெண்ட் மூட்டை எண்ணத்தான் வைக்க முடியும், அதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு" என்று சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் கன்னிவாடிப் பக்கம் அப்பாவோடு சம்பங்கித் தோட்டம். தோட்டத்தைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விடியுமுன்னே எழுந்து பூப்பறிப்பதைவிட பெண்டிங் மொமெண்ட் எனக்குச் சுலபமாகத் தோன்றியது. என் கணிப்புகள் எல்லாமே அந்த அழகுதான்.

அந்தச் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்ததுதான். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்பு உத்திரம். இரண்டு முனையிலும் தாங்கு கட்டை. உத்திரத்தின் நடுவே ஒரு கீல், கதவுக் கீல் மாதிரி. நடுவில் பாரத்தைத் தொங்கவிட்டால் உத்திரம் கீலில் மடங்கப் பார்க்கும். மடங்கவிடாமல் கீலுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே ஒரு ஸ்பிரிங் தராசு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். பாரம் ஒரு கிலோ என்றால் முனைக்கு அரைக் கிலோ. அதை ஐம்பது சென்டிமீட்டரால் பெருக்கினால் இருபத்தைந்து. இது கணக்கு சொல்வது. தராசு காட்டுவதைப் பத்தால் பெருக்கினால் அதுவும் இருபத்தைந்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். இது உத்திரம் சொல்வது. இரண்டும் ஒத்துப்போனால் பாஸ். ஜாதகப் பொருத்தம் மாதிரிதான், இதில் ஒரே ஒரு பொருத்தம்.

எங்கள் லேபில் அந்த ஒரு கிலோ எடைக்கல் கிடையாது. எப்போதோ காணாமல் போயிருந்தது. யாரோ எடைக்கல்லையே பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. அதற்குப் பதிலாகத் தொங்கியது ஒரு பூட்டு. பெரிய பூட்டு, பூட்டுக்குப் பேர்போன எங்கள் திண்டுக்கல்லிலேயே ஒரு பட்டறையில் செய்தது. அதன் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டில் "1 கி" என்று எழுதியிருக்கும். வேறு ஊரில் ஒருவன் இதைப் பார்த்தால் சிரித்திருப்பான். எங்களுக்கு அது உறுத்தவே இல்லை. தொங்குவதற்கென்றே வளையத்தோடு பிறந்த கனமான சாமான் வேறு என்ன இருக்கிறது? பகலில் அது உத்திரத்தில் பாரம். சாயங்காலம் லேப் கதவில் பூட்டு. இரண்டு வேலை பார்த்த ஒரே ஆள் எங்கள் காலேஜில் அதுதான்.

அந்தப் பூட்டின் எடையை யாரும் சந்தேகப்படாததற்கு இன்னொரு காரணம் உண்டு. யாரும் அந்தத் தராசைப் பார்த்ததே இல்லை. எங்கள் காலேஜில் சோதனை செய்கிற முறையே வேறு. முதலில் விடையை எழுதுவோம். முந்தைய செட் ரெக்கார்டு நோட்டில் 24.6 என்று இருக்கும். கணக்குப்படி 25, உத்திரத்தின்படி 24.6, பிழை ஒன்று புள்ளி ஆறு சதவீதம். அந்த 24.6-ஐ எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னால் நடந்து போய் தராசு 2.46 காட்டியது என்று அளவை எழுதுவோம். பத்துப் பதினைந்து செட்டாக அந்த உத்திரம் ஒரே 24.6-ஐத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவ்வளவு ஒழுக்கமான உத்திரம் தமிழ்நாட்டில் வேறு எங்கும் கிடையாது.

முதல் தடவை நான் ஃபெயிலானது நியாயமான ஃபெயில். வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். நான் வழக்கம்போல 24.6 எழுதி, பின்னால் நடந்து, அட்டவணை போட்டு, கீழே கோடும் கிழித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, பூட்டைத் தொங்கவிடாமலே உத்திரம் வளைஞ்சிருச்சா?"

பூட்டு மேசைமேல் இருந்தது. என் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில்.

இரண்டாம் தடவை நான் திருந்திய மனிதன். படிப்பெல்லாம் முடிந்து, இது ஒன்றுக்காக மட்டும் கன்னிவாடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன். பூட்டை முறைப்படி நடுவில் தொங்கவிட்டேன். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தராசைப் பார்த்தேன். வெறும் உத்திரத்துக்கு உரியதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 3.2. மறுபடி பார்த்தேன். மறு கண்ணை மூடியும் பார்த்தேன். 3.2-தான். சரி, உண்மையே பேசுவோம் என்று உத்திரத்தின்படி 32 என்று எழுதினேன். கணக்குப்படி 25. பிழை இருபத்தெட்டு சதவீதம்.

இந்தத் தடவை வந்திருந்த தேர்வாளர் என் ரெக்கார்டு நோட்டையும் விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நோட்டுல 24.6. தாள்ல 32. ரெண்டு வருசத்துல உத்திரத்துக்கு ஏதாவது உடம்பு சரியில்லாம போயிருச்சா?" என்றார்.

"சார், இப்பதான் சார் நெசமாப் பாத்தேன்."

இதைவிட மோசமான பதிலை ஒரு தேர்வில் யாரும் சொல்லியிருக்க முடியாது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அளவை ஒழுங்காக எடுத்தேன். அதற்காகவே ஃபெயிலானேன்.

ரிசல்ட் வந்த மறுநாள் ரெக்கார்டு நோட்டைத் திரும்ப வாங்கப் போனபோது லேப் அண்ணனைப் பார்த்தேன். லேப் அண்ணன் என்றால் லேபைத் திறப்பவர், பூட்டுபவர், துடைப்பவர், உடைந்ததை ஒட்டவைப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஜூனிலும் அடுத்த வருடம் வைத்துக்கொள்வார்களா என்று பயந்துகொண்டிருப்பார். எந்நேரமும் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே பேசுவார். அப்போது லேபைப் பூட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பூட்டைக் கதவில் மாட்டியபோது அது "தொம்" என்று கதவில் மோதியது. ஒரு கிலோ மோதுகிற சத்தமில்லை அது.

"அண்ணே, அந்தப் பூட்டைச் செத்த நேரம் குடுங்க."

"எதுக்குலே? மண்டையில போட்டுக்கிறவா?"

"எடை போடணும்ணே."

கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் தக்காளி விற்கிற அக்காவிடம் எலக்ட்ரானிக் தராசு இருந்தது. தக்காளியை ஒதுக்கிவிட்டுப் பூட்டை வைத்தோம். அந்த அக்கா, "பூட்டு கிலோ என்ன வெலைக்குப்பா எடுக்கிறீங்க?" என்றது. சிவப்பு எழுத்தில் வந்தது: 1.280.

நான் அங்கேயே தக்காளிப் பையைக் கிழித்துக் கணக்குப் போட்டேன். ஒன்றே இருநூற்று எண்பதில் பாதி அறுநூற்று நாற்பது கிராம். ஐம்பதால் பெருக்கினால் முப்பத்திரண்டு. கச்சிதமாக முப்பத்திரண்டு. உத்திரம் சரியாகச் சொல்லியிருக்கிறது. நான் சரியாகப் பார்த்திருக்கிறேன். உலகத்திலேயே அந்த லேபில் பிழை இல்லாமல் பெண்டிங் மொமெண்ட் கண்டுபிடித்த ஒரே ஆள் நான். அதற்குத்தான் ஃபெயில் போட்டிருக்கிறார்கள்.

சிரிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, இருபத்தோரு வயது தடியன், தக்காளி வாங்க வந்தவர்கள் எல்லாம் பார்க்க அழுதேன். "ஏப்பா, தம்பிக்கு என்ன, வெலை கட்டுப்படலையா?" என்று ஒருவர் கேட்டார்.

லேப் அண்ணன் விரலில் சாவிக்கொத்து சுற்றுவது நின்றிருந்தது. "அந்த 'ஒரு கி'ங்கிறதை நாந்தாம்லே எழுதினேன்" என்றார். "கையில தூக்கிப் பாத்தேன். ஒரு கிலோ இருக்கும்போலத் தோணுச்சு."

"விடுங்கண்ணே. அதுனாலதான் நான் ஃபெயிலு, அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவரைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னேன். நான் தேற்றுகிற லட்சணம் அப்படி.

பஸ்ஸில் வரும்போது என் மண்டையில் ஒரு திட்டம் பிறந்தது. பாடத்திட்டம் மாறுகிறது, பழைய ஆட்களுக்கு அடுத்த தேர்வோடு கடைசி என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து கடைசித் தடவை. அந்தத் தடவை நான் பூட்டைத் தொங்கவிடுவேன். கணக்குப்படி 32, உத்திரத்தின்படி 32 என்று எழுதுவேன். தேர்வாளர் புருவத்தைத் தூக்குவார். "பாரம் ஒரு கிலோதானே தம்பி?" என்பார். நான் மெதுவாக எழுந்து, "மன்னிக்கணும் சார், அது ஒரு கிலோ இல்லை" என்பேன். பூட்டை எடை போடச் சொல்வேன். 1.280 வரும். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்குவார். இந்தக் காட்சியை ஆறு மாதம், சம்பங்கிக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதெல்லாம் நடித்துப் பார்த்தேன். சில நாள் தேர்வாளருக்குக் கண் கலங்கும்.

திட்டத்தை யாரிடமும் சொல்லவில்லை. லேப் அண்ணனிடமும் சொல்லவில்லை. சொன்னால் காட்சியின் சுவை போய்விடும் என்று நினைத்தேன்.

தேர்வு நாளன்று அந்தப் பாடத்துக்கு நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாரும் மனிதர்களாகி எங்கெங்கோ போய்விட்டார்கள். சின்ன டப்பாவில் ஐந்து சீட்டு. ஐந்து சோதனையில் ஒன்று வரும். எடுத்தேன். உத்திரம். கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன். லேப் அண்ணன் வாசலில் நின்று என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்த ஐந்து சீட்டிலும் அவர் உத்திரம் என்றே எழுதிப் போட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

பூட்டை எடுத்துக் கொக்கியில் மாட்டினேன். "1 கி" பளிச்சென்று இருந்தது. புதுப் பெயிண்ட் வாசனை அடித்தது. தேர்வுக்காக ஜோடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கைக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. சந்தோஷத்தில் எல்லாம் லேசாகத்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து எழுதினேன். கணக்குப்படி 32. தராசு 3.2. உத்திரத்தின்படி 32. பிழை இல்லை. தராசை நான் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஆறு மாதத்துக்கு முன்னால்தான் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேனே.

தேர்வாளர் வந்தார். மெலிந்த, பொறுமையான மனிதர். மத்தியானம் காலேஜ் வாங்கிக் கொடுத்த பிரியாணி அவரை நல்ல மனநிலையில் வைத்திருந்தது. தாளைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார். என் காட்சியில் இருந்தபடியே தூக்கினார்.

"பாரம் ஒரு கிலோதானே தம்பி?"

நான் மெதுவாக எழுந்தேன். "மன்னிக்கணும் சார். அது ஒரு கிலோ இல்லை."

"அப்படியா? அதுல எழுதியிருக்கே."

"எழுதினது தப்பு சார். ஒன்னே இருநூத்தி எம்பது. எடை போட்டுப் பாக்கலாம் சார்."

அவருக்கு உண்மையிலேயே ஆர்வம் வந்துவிட்டது. "தராசு இருக்கா? தம்பி எடை போடச் சொல்றாரு" என்று வராந்தாப் பக்கம் குரல் கொடுத்தார். வராந்தாவில் இருந்த லேப் அண்ணனுக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது, உடனே பக்கத்து கான்கிரீட் லேபுக்கு ஓடினார். சிமெண்ட் நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். நான்தான் பூட்டைக் கழற்றி, சடங்கு மாதிரி அதன்மேல் வைத்தேன்.

0.999.

தராசு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். 0.999. ஒரு கிராம் குறைந்ததற்கு லேப் அண்ணன் கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் பூட்டை முதல்முறையாகப் பார்த்தேன். அதே பட்டறை, அதே சாயல். ஆனால் ஒரு சுற்று சிறியது. அடிப்பக்கத்தில் அரம் போட்டு ராவிய தடம் புதுசாக மின்னியது. அண்ணன் வாசலில் நின்று, தேர்வாளருக்குத் தெரியாமல் எனக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பூட்டு ஒரு கிலோதான் என்று நிரூபணமாகிவிட்டது, தம்பி தப்பித்தான் என்று நினைத்துக்கொண்டு, சிமெண்ட் தராசைத் தூக்கிக்கொண்டு கான்கிரீட் லேபுக்குத் திரும்பிப் போனார்.

தேர்வாளர் பூட்டை அவரே எடுத்து மறுபடி உத்திரத்தில் தொங்கவிட்டார். குனிந்து ஸ்பிரிங் தராசைப் பார்த்தார். "ரெண்டரை" என்றார். "நீங்க 3.2-ன்னு எழுதியிருக்கீங்க. இதை எங்க பாத்தீங்க?"

ஆறு மாதத்துக்கு முன்னால் பார்த்தேன் சார் என்று சொல்ல முடியுமா?

"பூட்டைச் சந்தேகப்பட்டீங்க. நல்ல விசயம், நானே இப்படி யோசிச்சிருக்க மாட்டேன்" என்றார். குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "ஆனா தராசைப் பாக்கலையே தம்பி. தலையைக் குனிஞ்சா தெரிஞ்சிருக்குமே."

"சார், இன்னொரு தடவை எடுத்துக் காட்டுறேன் சார்."

"இது எத்தனாவது தடவை?"

"மூணு சார்."

அவர் சிவப்புப் பேனாவால் தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டார். அளவெடுத்த மாதிரி நேர்க்கோடு.

பூட்டை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை வருடம் தப்பான பாரத்தைத் தொங்கவிட்டது யார் என்று கேள்வி வரும். சீட்டு டப்பாவையும் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அடுத்த ஜூனில் அண்ணனுக்கு வேலை இருக்காது. இப்படி யோசித்துத் தியாகம் செய்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மையில் எனக்கு வாய் எழவில்லை, அவ்வளவுதான். யோசனையெல்லாம் பஸ்ஸில் வந்தது.

வெளியே வந்ததும் அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எப்படி? மூணு ஞாயித்துக்கிழமைலே அப்பு! இந்த ஸ்பிரிங் தராசைத் தூக்கிக்கிட்டு பட்டறை பட்டறையா அலைஞ்சேன். ஒரு கிலோவுக்கு ஒரு பூட்டு குடுங்கன்னா, லூசுப் பயன்னு பாக்கிறாங்க. கடைசியில ஒரு ஆசாரி, ஒன்னு கொஞ்சம் கூடுதலா இருந்ததை ராவிக் குடுத்தாரு. அஞ்சு சீட்டுலயும் உத்திரம்னே எழுதிப் போட்டேன். உன்னைய அன்னைக்கு அழுக விட்டுட்டேன்ல. மனசு கேக்கலை. கடைசியில நீயே எடை போடச் சொன்ன பாரு, எனக்குப் புல்லரிச்சிருச்சு. யாரு சொன்னா உனக்கு, நான் மாத்திட்டேன்னு?"

"யாரும் சொல்லலைண்ணே."

"நீயாக் கண்டுபிடிச்சியா? ஆளு கெட்டிக்காரன்லே நீ."

கோணிப்பையில் சுற்றி எதையோ என் கையில் வைத்தார். பழைய பூட்டு. வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டி எடுத்திருந்தார். "இனிமே லேபுக்கு இது வேணாம். உன்னைய ஃபெயிலாக்கின பூட்டு, நீயே வச்சுக்க. மோட்டார் ரூமுக்கு ஆகும்."

கன்னிவாடி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மலைக்கோட்டை ஜன்னலில் கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டுப் பின்தங்கிவிட்டது. எனக்கு இரண்டு தொடையிலும் அந்த எடை சரிசமமாக இறங்கியது. பக்கத்துக்கு அறுநூற்று நாற்பது கிராம். அந்த நேரத்திலும் மண்டை அதைக் கணக்குப் போட்டது என்றால் அந்த மண்டையை என்ன சொல்வது?

வீட்டில் அப்பா மறுநாள் சந்தைக்குக் கூடைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். "என்னப்பா அது?" என்று பூட்டை வாங்கி ஒரு தரம் கையில் தூக்கிப் பார்த்தார். பூ நிறுத்து நிறுத்துப் பழகிய கை.

"நல்ல கனமா இருக்கே. ஒன்னேகால் கிலோவுக்கு மேல இருக்கும்."

நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். செத்த நேரம் ஆயிற்று.

பூட்டு மூடியே வந்திருந்தது. சாவியைக் கொடுக்க அண்ணன் மறந்துவிட்டார். அதனால் அது மோட்டார் ரூமுக்கும் ஆகவில்லை. அப்பா அதைப் பூக்கூடை மேல் போடுகிற தார்ப்பாய் காற்றில் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. போனில் பார்த்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு, "சரி, நாளைக்கு வெள்ளன எந்திரி" என்றார். காண்ட்ராக்டர் மாமா வேறு ஒரு பையனை எடுத்துக்கொண்டார். சாயங்காலம் லேப் அண்ணன் கூப்பிட்டார்.

"என்னப்பு, ரிசல்ட் வந்துருச்சாம்ல. என்னாச்சு?"

அவர் பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அது நின்றது. அவர் வீட்டிலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் போல.

"பாஸ்ணே."

"ஏலே! அப்படிப் போடு! இந்தா, பாஸாயிட்டானாம்!" என்று வீட்டுக்குள் கத்தினார். பிறகு, "சாவி எங்கிட்டத்தான்லே இருக்கு. ஸ்வீட்டோட வந்து வாங்கிக்க" என்றார்.

"வாரேண்ணே."

அதிலும் பழைய முறைதான். விடையை முதலில் எழுதிவிட்டேன். இப்போது பின்னால் நடந்துபோய் அளவுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார். எந்த சைட், எத்தனை மாடி, மேஸ்திரி எப்படி என்று கேட்கிறார். நானும் சொல்கிறேன். பழனி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். போன மாதம் முதல் மாடி. மழையில் வேலை நின்றது என்றுகூட ஒருமுறை சொன்னேன். இப்போது இரண்டாவது மாடிக்குக் கான்கிரீட் போட சென்ட்ரிங் பலகை அடித்துக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்லும்போது நான் பெரும்பாலும் சம்பங்கிப் பாத்தியில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் கூப்பிட்டபோது, சாவியை இன்னும் வாங்க வரவில்லையே என்று கோபித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பீமெல்லாம் நேரா நிக்குதால? நீயே குனிஞ்சு பாத்தியா?" என்றார்.

"பாத்தேண்ணே" என்றேன்.